உறங்கத் தெரிந்த ஸ்விட்ச்

ஸ்விட்ச் என்றதும் சுவரில் விளக்கு போடும் விசைதான் உங்கள் நினைவுக்கு வரும். நாம் இங்கே பார்க்கப் போவது வேறொரு ஸ்விட்ச். கணிப்பொறிகளை ஒரு வலையாக இணைக்கும் பெட்டி அது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவரைப் போல, வந்த செய்தியை உரிய கணிப்பொறிக்கு அனுப்பி வைப்பது அதன் வேலை.

புதுவைக்கு வடக்கே காலாப்பட்டில், 1985-இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்புள்ள வளாகம். செம்புக் கம்பி இணைப்பு ஒன்று 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. ஆகவே, இத்தகைய வளாகத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் ஸ்விட்சுகள் தேவைப்படும்.

அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கிறோம். இந்தப் பெட்டிகளை யார் அணைக்கிறார்கள்? இரவும் பகலும், ஞாயிறும் திங்களும் அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கு 24 × 365 = 8,760 மணி நேரம்!

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஸ்விட்ச் 60 வாட், மற்றொன்று 40 வாட் மின்திறன் எடுப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 20 வாட்தான். ஆனால் ஆண்டுக்கு 20 × 8,760 = 1,75,200 வாட் மணி; அதாவது 175.2 யூனிட். 100 ஸ்விட்சுகளுக்கு 17,520 யூனிட்! புதுவைக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெறுவது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஸ்விட்ச் தனக்கென எடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. குளிர்பதன அறையில் வைத்தால், அந்த வெப்பத்தை வெளியேற்றவும் மின்சாரம் செலவாகும்.

சரி, சிக்கனமான ஸ்விட்சை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, அதற்கு உறங்கத் தெரிய வேண்டும். பழைய முறையில், அனுப்பச் செய்தி எதுவும் இல்லாதபோதும் கம்பியில் வெற்றுக் குறிகள் ஓயாமல் ஓடின. 2010-இல் ஏற்கப்பட்ட 802.3 ஏ.இஸட். என்னும் தரவிதி இதை மாற்றியது. செய்தி இல்லையென்றால் இணைப்பு உறங்கலாம். இடையிடையே ஒரு சிறு குறி மட்டும் போகும். செய்தி வந்ததும் விழித்துக்கொள்ள, கிகாபிட் இணைப்புக்கு 16.5 மைக்ரோ விநாடி போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இணைப்பின் இரு முனைகளிலும் இவ்வசதி இருக்க வேண்டும். எதிர்முனையில் பழைய கணிப்பொறி இருந்தால், அந்த இணைப்பில் ஸ்விட்ச் உறங்காது.

இரண்டாவது, பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வாட் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நானே ஒருமுறை இத்தவறைச் செய்தேன். பெரிய எண்ணைக் கண்டு ஒரு நல்ல ஸ்விட்சை ஒதுக்கிவிட்டேன். அது உச்ச அளவு என்பது பிறகுதான் உறைத்தது. சில ஸ்விட்சுகள் கேமரா, தொலைபேசி போன்ற கருவிகளுக்கு அதே கம்பி வழியாக மின்சாரமும் தருகின்றன. அந்தப் பங்கும் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. அது ஸ்விட்சின் சொந்தச் செலவு அன்று.

அந்த மின்சாரம் முழுவதும் கேமராவைச் சேருகிறதா? 2003-ஆம் ஆண்டுத் தரவிதிப்படி, ஸ்விட்ச் ஓர் இணைப்புக்கு 44 வோல்ட்டில் 0.35 ஆம்பியர், அதாவது 15.4 வாட் தருவதாகக் கொள்வோம். கம்பியின் மின்தடை அதிக அளவாக 20 ஓம் எனக் கொண்டால், இழப்பு = 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். கருவிக்குக் கிடைப்பது 12.95 வாட். வகுப்பில் படித்த ஜூல் விதி இங்கேயும் வேலை செய்கிறது, பார்த்தீர்களா! கம்பியைச் சுருக்கினால் இழப்பும் குறையும்.

மூன்றாவது, தேவைக்கு ஏற்ற அளவு. 10 கணிப்பொறிகள் உள்ள அறைக்கு 48 துளைகள் கொண்ட ஸ்விட்ச் எதற்கு?

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில், ஆசிரியரின் அனுமதியோடும் உதவியோடும், ஸ்விட்சின் மின்னிணைப்பில் ஒரு வாட் மீட்டரைப் பொருத்துங்கள். கணிப்பொறிகள் ஓடும்போது ஓர் அளவு, எல்லாவற்றையும் நிறுத்திய பின் ஓர் அளவு எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உங்கள் ஸ்விட்ச் ஆளில்லாத அறையிலும் விழித்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது அளவை 8,760-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்து, வரும் விடையைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த ஸ்விட்ச் வாங்கும்போது அந்த எண் பயன்படும்.