கலந்ததைப் பிரிக்கும் கருவி – திரவ வண்ணப்பிரிகை இயந்திரத்தை இயக்குவது எப்படி?



கலவைகளைப் பிரித்தல் பாடத்தில் வடிகட்டுதல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை என்று படிக்கிறோம். வடிதாளில் மைப் புள்ளி வைத்து, தண்ணீர் ஏற ஏற நிறங்கள் பிரிவதைப் பார்த்திருப்போம். "இது பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்" என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் இதே தத்துவத்தில் ஓடுகிற ஒரு இயந்திரம்தான் பல மருந்துகளைச் சுத்தம் செய்கிறது. என் பெரியப்பா மகள் உயிர்வேதியியல் படித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் இதை இயக்குகிறார். அக்கா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

சுத்தம் ஏன் அவ்வளவு முக்கியம்?

1922 ஜனவரி 11. கனடாவில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்ப்சன் என்ற பையன் சர்க்கரை நோயால் சாகக் கிடந்தான். அவனுக்குப் பதினான்காவது வயது நடந்துகொண்டிருந்தது, அதாவது நம்ம வயசு! எடை 30 கிலோ கூட இல்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை அவனுக்கு ஊசி போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் குறைந்தது. ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது. காரணம், அந்தச் சாற்றில் இன்சுலினோடு வேண்டாத பொருள்களும் நிறைய இருந்தன. ஜேம்ஸ் காலிப் என்ற விஞ்ஞானி இரவு பகலாக உழைத்து, ஆல்கஹாலைப் பயன்படுத்தி அதைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடி ஊசி போட்டார்கள். இந்த முறை சர்க்கரை நன்றாக இறங்கியது. லியோனார்டு பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்து இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறியது சுத்தம் மட்டும்தான்!

மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் முறைக்கு 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 4,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அது தனக்காகச் செய்துகொள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். வடிதாளால் முடியுமா? முடியாது. அங்கேதான் நம்ம கதாநாயகன் வருகிறான்.

யார் கண்டுபிடித்தது?

மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர். 1903-இல் வார்சா நகரில் இதைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக்கி, மேலே இலைச்சாற்றை ஊற்றி, பெட்ரோலியம் ஈதரை மெதுவாக விட்டார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாகப் பிரிந்தன. 1906-இல் இதற்கு 'குரோமட்டோகிராபி' என்று பெயர் வைத்தார். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம் என்றுதான் பொருள்! பிறகு மார்ட்டின், சிஞ்சு என்ற இரண்டு பேர் 1941-இல் இதை மேம்படுத்தி, 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். புரதங்களுக்கென்றே செய்த எஃப்.பி.எல்.சி. இயந்திரம் 1982-இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்தது.

தத்துவம் என்ன?

தேர்த் திருவிழாக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைகிறார்கள். எதிலும் ஆசை இல்லாத தாத்தா நேராக நடந்து மறுமுனைக்குப் போய்விடுவார். வளையல் கடை, பொம்மைக் கடை எல்லாவற்றிலும் நிற்கிறவர்கள் கடைசியில்தான் வருவார்கள். தெருதான் பிரிகைக் குழல். கடைகள்தான் அதற்குள் இருக்கும் மணிகள். தள்ளிக்கொண்டு போகும் கூட்டம்தான் திரவம்.

இந்த மணிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை விடச் சிறியவை. பெரும்பாலும் அகரோஸ் என்ற பொருளால் ஆனவை. அகரோஸ், கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரின் ஒரு பகுதி. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகர் தயாரிக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமைதானே!

மணிகளின் மேல் நேர்மின் சுமை இருந்தால், எதிர்மின் சுமை உள்ள புரதங்கள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் "நகரு, இது என் இடம்" என்று புரதத்தைத் தள்ளிவிடும். லேசாக ஒட்டியது முதலில் வரும், இறுக்கமாக ஒட்டியது கடைசியில் வரும். இதற்கு அயனிப் பரிமாற்ற முறை என்று பெயர்.

இயந்திரத்தின் பாகங்கள்

இரண்டு பம்புகள் (ஏ, பி), திரவங்களைக் கலக்கும் கலப்பான், மாதிரியைச் செலுத்தும் வால்வு, பிரிகைக் குழல், புற ஊதாக் கதிர் மானி, மின்கடத்து மானி, சோதனைக் குழாய்களில் பிடிக்கும் சேகரிப்பான், எல்லாவற்றையும் காட்டும் கம்ப்யூட்டர்.

இயக்கும் முறை (குழலின் கொள்ளளவு 1 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்)

1. கரைசல் தயாரித்தல்: ஏ பாட்டிலில் பி.எச். 8 உள்ள தாங்கல் கரைசல். பி பாட்டிலில் அதே கரைசல், ஆனால் லிட்டருக்கு 58.5 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது 1 மோலார். இரண்டையும் 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். கரைந்திருக்கும் காற்றையும் வெற்றிடப் பம்பால் நீக்க வேண்டும். தூசி குழலை அடைக்கும், காற்றுக் குமிழி அதைவிட மோசம்.

2. சுவிட்சு போடுதல்: இயந்திரத்தையும் கம்ப்யூட்டரையும் போட்டு, புற ஊதா விளக்கு நிலைபெற நேரம் கொடுக்க வேண்டும். கழிவுப் பாட்டில் காலியா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். பாதி ஓட்டத்தில் நிரம்பினால் தரை முழுக்கக் கரைசல்தான்.

3. பம்பைக் கழுவுதல்: இயந்திரம் சும்மா இருக்கும்போது அதற்குள் 20 சதவீத எத்தனால் இருக்கும். முதலில் சுத்தமான தண்ணீரால் பம்புகளைக் கழுவ வேண்டும். நேராகக் கரைசலை விடக்கூடாது. ஏன்னா சில உப்புகள் எத்தனாலில் கரையாமல் படிந்துவிடும். குழாயில் ஒரு குமிழி கூடத் தெரியாத வரை கழுவ வேண்டும்.

4. அழுத்த எல்லை வைத்தல்: சிறிய குழல்கள் சுமார் 0.3 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும். இது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு. எல்லையைக் கம்ப்யூட்டரில் முன்கூட்டியே குறித்துவிட்டால், அதைத் தாண்டும்போது பம்பு தானாக நின்றுவிடும். குறிக்க மறந்தால் மணிகள் நசுங்கிப் போகும்.

5. குழலை மாட்டுதல்: பம்பு மெதுவாக ஓடும்போதே, குழாய் முனையில் துளி தொங்க, குழலின் வாயிலும் துளி ததும்ப, துளியோடு துளி சேர்கிற மாதிரி மாட்ட வேண்டும். இடையில் காற்று புகாது. அக்கா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

6. குழலைத் தயார் செய்தல்: எத்தனால் கலந்த நீருக்குப் பாகுநிலை அதிகம், அதனால் அழுத்தமும் ஏறும். ஆகவே பாதி வேகத்தில் 5 மி.லி. தண்ணீர் விட வேண்டும். பிறகு பம்புகளில் கரைசல்களை நிரப்பி, ஏ கரைசலை நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் குறைந்தது 5 நிமிடம் விட வேண்டும். திரையில் கோடுகள் நேராக ஓடினால் குழல் தயார். அப்போது புற ஊதா அளவைப் பூச்சியமாக்க வேண்டும்.

7. மாதிரியைச் செலுத்துதல்: புரதக் கரைசலை மையவிலக்கி மூலம் சுழற்றி, வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, குமிழியைத் தட்டி நீக்கிவிட்டுச் செலுத்த வேண்டும்.

8. அலசுதல்: ஒட்டாத புரதங்கள் ஏ கரைசலோடு வெளியே வந்துவிடும். திரையில் கோடு மேலே போய்த் திரும்பக் கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

9. பிரித்தல்: 20 நிமிடத்தில் பி கரைசலை 0-விலிருந்து 100 சதவீதமாகப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வெளிவருவதை 0.5 மி.லி. வீதம் பிடித்தால் 40 சோதனைக் குழாய்கள் நிரம்பும்.

10. படித்தல்: புரதங்களில் உள்ள டிரிப்டோபான், டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, மானிக்குத் தெரியும். புரதம் வரும்போது திரையில் மலை மாதிரி ஒரு முகடு எழும். எந்தக் குழாய் எண்ணில் முகடு இருக்கிறதோ, அதில் புரதம் இருக்கிறது. அது நமக்கு வேண்டிய புரதம்தானா, தனியாக இருக்கிறதா என்பதை வேறு சோதனையில் உறுதி செய்வார்கள்.

அழுத்தம் ஏறினால் என்ன செய்வது?

பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்றக் கூடாது. பம்பை நிறுத்தி, குழலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் அடைப்பு குழலில். இறங்காவிட்டால் அடைப்பு குழாயிலோ வடிகட்டியிலோ. கணக்குப் பாடத்தில் ஒவ்வொரு படியாகச் சரிபார்ப்பது மாதிரிதான்.

இன்னொரு எச்சரிக்கை: முடிவு தெரியும் வரை எதையும் கொட்டக் கூடாது. அலசும்போது வந்த நீரைக் கூட வைத்திருக்க வேண்டும். நமக்கு வேண்டிய புரதம் ஒட்டாமல் அதிலேயே போயிருக்கலாம். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால் பல நாள் உழைப்பு போச்சு, திரும்ப வராது!

மூடும் முறை

வேலை முடிந்ததும் "அப்பாடா" என்று சுவிட்சை அணைக்கக் கூடாது. குழலில் 5 மி.லி. பி கரைசல் விட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை வெளியேற்ற வேண்டும். பிறகு தண்ணீர், கடைசியில் மெதுவாக 20 சதவீத எத்தனால். தண்ணீரோடு விட்டால் நுண்ணுயிர்கள் வளரும். உப்போடு விட்டால் காய்ந்து படிகமாகி பம்பைத் தேய்த்துவிடும். அடுத்து வருகிறவருக்குச் சுத்தமாக விட்டுப் போவதும் வேலையின் ஒரு பகுதி என்று அக்கா சொன்னார்.

நாமே செய்து பார்க்கலாம்

இயந்திரம் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே, தண்ணீரில் கரையும் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போடுங்கள். தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். தண்ணீர் வளையத்தைத் தொடக்கூடாது. தண்ணீர் மேலே ஏற ஏற, கருப்புக்குள் ஒளிந்திருந்த நிறங்கள் வெளியே வரும். ஸ்வெட் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான், நம்மிடம் தண்ணீர் கீழிருந்து மேலே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசித்து விடை சொல்லுங்கள்

1. பி கரைசல் 50 சதவீதம் இருக்கும்போது லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பு இருக்கும்?
2. மானியிலிருந்து சேகரிப்பான் வரை உள்ள குழாயின் கொள்ளளவு 0.2 மி.லி. நிமிடத்துக்கு 1 மி.லி. வேகம். திரையில் முகடு தெரிந்து எத்தனை வினாடி கழித்துப் புரதம் சோதனைக் குழாயில் விழும்?
3. எத்தனால் விடும்போது வேகத்தைக் குறைப்பது ஏன்?

விடைகள்: 1) 29.25 கிராம். 2) 12 வினாடி. 3) பாகுநிலை அதிகம், அழுத்தம் ஏறும்.

தோழிகளே, தோழர்களே! இந்த இயந்திரத்தை ஓட்டப் பெரிய பலம் வேண்டாம். பொறுமை, சுத்தம், வரிசை தவறாமல் செய்தல், இவை மூன்றும் போதும். நம்ம தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள்! அந்தச் சின்னப் பாட்டிலில் உள்ள மருந்து சுத்தமாக இருக்கிறது என்றால், எங்கோ ஒருவர் குமிழி இல்லாமல் துளியோடு துளி சேர்த்துக் குழலை மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். நாளை அந்த ஒருவர் நம் வகுப்பிலிருந்தும் போகலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி