எச்சரிக்கையும் வழுவமைதியும்

இலக்கணங் கற்றார் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றனையும் நன்கறிவர். தன் பசுவை ஒருவன் உவப்பினால் அம்மை என உயர்திணையாக்கிக் கூறின் அது வழுவமைதி. அறியாது கூறின் வழுவே. இரண்டற்கும் வேறுபாடு காரணமுண்மையே. இப்பாகுபாடு கணினிக்குச் செய்நிரல் எழுதுவார்க்கும் பயன்படுமாற்றை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

மனிதர் எழுதிய நிரலை இயந்திரமொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பான். மொழிவிதி பிறழின் அது பிழையெனக் கூறி நின்றுவிடும். விதி பிறழாது ஐயத்துக்கு இடமாயின் எச்சரித்து மேற்செல்லும். தராசு, அச்சுப்பொறி முதலியவற்றைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரல்கள் சாதனச் செலுத்திகள் எனப்படும். அவற்றுள் எழும் எச்சரிக்கைகளைப் புறக்கணித்தல் தீதாம்.

கொட்டகலைத் தோட்டமொன்றிலே கொழுந்து நிறுக்கும் மின்தராசு, நூறு கிராமை ஓரலகாக எண்ணி அனுப்புவதாகக் கொள்வோம். முப்பது கிலோ 300 என வரும். குறியில்லா எட்டுப் பிற்று மாறி 255க்கு மேற் கொள்ளாது; ஆகவே 256 கழிந்து 44 எஞ்சும். கொழுந்து பறித்தவர் கணக்கில் 30 கிலோ 4.4 கிலோ ஆகிவிடும்! எண்மாற்ற எச்சரிக்கையைக் கேட்டு வைத்தால், ஜி.சி.சி. என்னுந் தொகுப்பான் இவ்விடத்தைச் சுட்டிக்காட்டும். வகைமாற்றுக் குறியொன்றை அங்கே எழுதினால் எச்சரிக்கை அடங்கும், கூலிக்குறைவு அடங்குமோ? மாறியை 65,535 வரை கொள்ளும் பதினாறு பிற்றாக்குதலே திருத்தம்.

எச்சரிக்கை யாவும் வழுவோ எனின், அன்று. சி மொழியில், பல கிளைகளுள் ஒன்றைத் தேரும் 'ஸ்விட்ச்' தொடரில், கிளையின் ஈற்றில் 'பிரேக்' இல்லையேல் ஓட்டம் பெரும்பாலும் அடுத்த கிளைக்குள் இறங்கும். இது மறதியாலும் நேரும், வேண்டியும் செய்யப்படும். எழுதியவர் கருத்து யாதெனத் தொகுப்பான் அறியாது. 2019 ஆம் ஆண்டில், லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவை எழுதுவோர், 5.3 ஆம் பதிப்பில் இதற்குரிய எச்சரிக்கையை எங்கும் இயங்கச் செய்தனர். அடுத்த பதிப்பில், வேண்டி இறங்குமிடத்தை வெளிப்பட அறிவிக்க 'ஃபால்த்ரூ' என்னுஞ் சொல்லையும் வகுத்தனர். மறந்த இடத்தில் 'பிரேக்' இடுதல் வழுக்களைதல். வேண்டிய இடத்தில் அச்சொல்லை எழுதுதல் வழுவமைதி.

ஆதலின், மாணவர்காள், எச்சரிக்கை கண்டவிடத்து முதற்கண் காரணத்தை ஆராய்மின். வழுவாயின் களைமின், தக்க காரணமுண்டாயின் பின்வருவோர் அறிய எழுதிவைம்மின். காரணமின்றித் தொகுப்பானை வாயடைத்தல் வழுவமைதி ஆகாது. வழுவை மறைத்தலே ஆகும்.