டிராக்டர் ஓட்டுபவரின் இடுப்பு வலி: கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பாடம்



உழவுக் காலம் வந்துவிட்டால் டிராக்டர் ஓட்டுகிறவருக்கு ஓய்வு ஏது? விடியற்காலையில் ஸீட்டில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார். வீட்டுக்கு வந்ததும், "இடுப்பே ஒடிஞ்சு போச்சு" என்று திண்ணையில் சாய்கிறார். நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்ட மனைவியும் இடுப்பில் கை வைத்தபடிதான் அடுப்படிக்குப் போகிறார்.

இடுப்பு வலி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இந்த வலி இருந்தது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பிலோ நரம்பிலோ பெரிய நோய் எதுவும் இல்லை. சரியாக நடந்துகொண்டால் பெரும்பாலோருக்கு இந்த வலி சில வாரங்களில் தணிந்துவிடும். தவறாக நடந்துகொண்டால் மாதக்கணக்கில் நீடித்து, வேலையையும் வருமானத்தையும் வீட்டின் அமைதியையும் கெடுக்கும்.

இந்தப் பாடத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேளுங்கள்.

1. வலி ஏன் வருகிறது?

முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் அடுக்கடுக்காக உள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் இடையே மெத்தை போன்ற ஒரு வட்டத்தட்டு உண்டு. இதைத்தான் "ஜவ்வு" என்றும் "டிஸ்க்" என்றும் சொல்கிறோம். இந்த அடுக்கு சாயாமல் இருக்க, பந்தல் காலை நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டுவது போல, சுற்றிலும் தசைகள் கட்டிக் காக்கின்றன.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் இருப்பது போன்ற ஸ்பிரிங் பட்டை டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. வரப்பிலும் கட்டியிலும் விழும் ஒவ்வொரு குலுக்கலும் ஸீட் வழியாக நேராக இடுப்புக்கு வருகிறது. தசைகள் நாள் முழுதும் இறுகி இறுகிக் களைத்துப் போகின்றன. போதாததற்கு, பின்னால் கலப்பை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உடம்பை ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி உட்கார வேண்டியுள்ளது. குலுக்கல், நெடுநேர உட்கார்வு, முறுக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இடுப்பு தாங்குமா?

நடவு நடும் மனைவிக்குக் குலுக்கல் இல்லை. ஆனால் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கிறார். பிறகு குடம் தூக்குகிறார். குழந்தையை ஒரே பக்க இடுப்பில் வைக்கிறார். குட்டை விளக்குமாற்றால் வாசல் பெருக்குகிறார். ஆக, காரணம் வேறானாலும் களைத்துப் போவது அதே தசைகள்தாம்.

2. ஓட்டுநர் சகோதரரே, இதைச் செய்யுங்கள்

ஸீட்டைக் கவனியுங்கள். பல டிராக்டர்களில் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப ஸீட்டின் ஸ்பிரிங்கை முடுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். உங்கள் எடைக்குத் தக்கபடி அதைத் திருப்பி வையுங்கள். கிளட்சை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி ஸீட்டை முன்னே பின்னே நகர்த்துங்கள். ரெக்ஸின் கிழிந்து பஞ்சு போன ஸீட்டை இந்த வருஷமே மாற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவைவிட அது குறைவுதான்.

இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டு. தலைத் துண்டைச் சுருட்டி இடுப்பின் உள்வளைவில் வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். கூன் போட்டு உட்காருவது தானே நின்றுவிடும்.

வேகத்தைக் குறையுங்கள். வரப்பு ஏறும்போதும், காலி டிரெய்லரோடு மண் ரோட்டில் போகும்போதும்தான் அடி பலமாக விழுகிறது. டயரில் அளவுக்கு மீறிக் காற்று அடித்தாலும் குலுக்கல் கூடும்.

மணிக்கு ஒருமுறை இறங்குங்கள். ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, ஐந்தாறு முறை மெதுவாகப் பின்னால் வளையுங்கள்.

இறங்கியதும் சுமை தூக்காதீர்கள். நெடுநேரம் குலுங்கிய இடுப்பு உடனே பாரம் தாங்கத் தயாராக இராது. எட்டிக் குதிக்காமல் படியில் கால் வைத்து இறங்கி, சற்று நடந்த பிறகே கலப்பையைக் கழற்றுங்கள்.

இன்னொன்று. மட்கார்டு மேல் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தவறி விழுந்தால் பின் சக்கரம் அங்கேயே இருக்கிறது. கர்ப்பிணியை அந்தக் குலுக்கலில் ஏற்றவே கூடாது.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் வருவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்.

3. சகோதரியே, உங்களுக்கும் சொல்கிறோம்

நடவிலும் களையெடுப்பிலும் ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்து நின்று பின்னால் வளையுங்கள். "நிமிர்ந்தா வேலை கெட்டுடும்" என்பது சரியல்ல. களைத்த இடுப்போடு செய்யும் வேலைதான் கெடும். வரிசையாக நட்ட வயலில் நின்றபடியே தள்ளும் கோனோ வீடர் கருவியால் களை எடுக்கலாம்.

ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சிறு குடமாக, கைக்கு ஒன்றாகத் தூக்குங்கள். விளக்குமாற்றுக்கு நீளக் காம்பு கட்டுங்கள். குழந்தையை இடுப்பு மாற்றி மாற்றி வையுங்கள்.

சுமை தூக்கும் முறை இருவருக்கும் ஒன்றே. சுமைக்கு அருகில் போய் நின்று, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை மார்போடு அணைத்து, கால் பலத்தில் எழுந்திருங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். யூரியா மூட்டை 45 கிலோ, சிமென்ட் மூட்டை 50 கிலோ. இவற்றை இருவராகத் தூக்குவதில் கெளரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

4. வலி வந்துவிட்டால்

"பதினஞ்சு நாள் அசையாம படு" என்று முன்பெல்லாம் சொன்னார்கள். இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு வலி பொறுக்கிற அளவுக்கு நடமாட வேண்டும். படுத்தே கிடந்தால் தசை இளைத்து வலி நீளும். வெறும் பலகையிலோ சிமென்ட் தரையிலோ படுக்க வேண்டியதில்லை. பாயின் மேல் ஜமக்காளத்தை மடித்துப் போட்டாலே போதும். தொய்ந்த கயிற்றுக் கட்டில் மட்டும் வேண்டாம். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் சுகம் தரும். தோல் வெந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் "இடுப்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்குவது ஆபத்து. வலி மாத்திரையை நாள் கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் சாப்பிடக் கூடாது.

கால் முதலில் வெளிவந்து பிறந்தவரைக் கொண்டு இடுப்பை உதைக்கச் சொல்வது, முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது ஆகியவற்றால் பயனில்லை. எலும்பு தேய்ந்தவருக்கு அதுவே முறிவாகவும் முடியலாம். நாட்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட்டை வழக்கமாக அணிவதை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது.

"ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்டதும் கலங்காதீர்கள். வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் தட்டு சற்றுப் பிதுங்கித் தெரிவது சகஜம். பிதுங்கிய தட்டால் காலில் இழுக்கும் வலி வந்தவர்களிலும் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலே குணமாகிறார்கள்.

5. தினமும் பத்து நிமிஷப் பயிற்சி

பாயில் படுத்து மெதுவாகச் செய்யுங்கள்.

அ) மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை இரு கையாலும் மார்பு நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். பிறகு மறு கால். ஐந்து முறை.

ஆ) மல்லாந்தபடி முழங்கால்களை மடக்கி, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பின் உள்வளைவு தரையைத் தொடும்படி அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை.

இ) அதே நிலையில் பாதங்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து முறை.

ஈ) குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள். பத்து எண்ணி இறங்குங்கள். ஐந்து முறை. கர்ப்பிணிகள் இதைச் செய்ய வேண்டாம். மற்றவற்றையும் செவிலியரைக் கேட்டே செய்யலாம்.

எந்தப் பயிற்சியிலாவது வலி காலுக்கு இறங்கினால் அதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இவற்றோடு தினம் அரை மணி நேரம் நடப்பது நல்லது.

6. ஆபரேஷன் செய்ததால் இடுப்பு வலியா?

எங்கள் செவிலியர்கள் வீடு வீடாகப் போகும்போது அதிகம் கேட்கும் பேச்சு இது: "நான் டிராக்டர் ஓட்டுறவன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இடுப்பு பலம் போயிடுமாமே? அவளே பண்ணிக்கட்டும்."

இது வீண் பயம். ஆண்களுக்கான வாசக்டமியில் விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறார்கள். முதுகெலும்பையோ இடுப்புத் தசையையோ தொடுவதே இல்லை. ஆண்மையும் உடல் பலமும் குறையாது. இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஒரு வாரம் பாரம் தூக்காமலும் டிராக்டர், சைக்கிள் ஓட்டாமலும் இருந்தால் போதும். மூன்று மாதம் வரை வேறு தடுப்பு முறையைப் பயன்படுத்தி, விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெண்களுக்கான ஆபரேஷனில் வயிற்றில் கருக்குழாயை அடைக்கிறார்கள். அதுவும் முதுகெலும்பைத் தொடுவதில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே நடவுக்குப் போவதும், பல பிரசவங்களால் வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதும் வலியைத் தரும். ஆகவே இரண்டு வாரம் கடின வேலை வேண்டாம். சிஸேரியன் நேரத்தில் முதுகில் போடும் ஊசியால் அந்த இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கான வலிக்கு அந்த ஊசி காரணமல்ல.

காப்பர்-டி போட்ட சிலருக்கு மாதவிலக்கு நாட்களில் அடிவயிறும் இடுப்பும் வலிக்கலாம். காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் கூச்சப்படாமல் உடனே காட்டுங்கள். அது கர்ப்பப்பைத் தொற்றாக இருக்கலாம்.

இடுப்பு வலியால் தாம்பத்திய உறவை அடியோடு விட வேண்டியதில்லை. வலி கடுமையான நாட்களில் பொறுத்திருங்கள். தணிந்த பிறகு, வலி உள்ளவருக்குச் சிரமம் இல்லாதபடி, ஒருக்களித்துப் படுப்பது போன்ற நிலைகள் ஏற்றவை. "என் மேல பிரியம் இல்ல" என்று ஒருவர் எண்ணி வருந்த, மற்றவர் வலியை மறைத்துக்கொண்டிருப்பதைவிட, வாய் திறந்து பேசிவிடுவது நல்லது.

7. தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமலே சிறுநீர், மலம் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நிரந்தர ஊனமாகலாம்.

மரத்திலிருந்தோ டிராக்டரிலிருந்தோ விழுந்த பிறகு கடும் வலி வந்தாலும் 108-ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

மாலைக் காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்த வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இதற்கான மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்; முழுக் காலமும் சாப்பிட்டால் குணமாகும்.

குளிர் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்றாகலாம். கர்ப்பிணிக்கு விட்டு விட்டு வரும் இடுப்பு வலி பிரசவ வலியாக இருக்கலாம். மாதம் நிறையாவிட்டாலும் உடனே காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லாமலே ஆறு வாரத்தில் வலி குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். நடக்க இயலாதவர்களுக்கு, 2021-ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

இருவரும் விடை சொல்லிப் பாருங்கள்

1. டிராக்டர் ஸீட்டில் நாளைக்கே எதைச் சரி செய்யலாம்?
2. இடுப்பு பிடித்தால் எத்தனை நாள் படுக்கலாம்?
3. வாசக்டமி செய்தால் இடுப்பு பலம் குறையுமா?
4. எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே 108-ஐ அழைக்க வேண்டும்?
5. நம் வீட்டில் யார் சுமக்கும் பாரத்தை யார் பகிர்ந்துகொள்ளலாம்?

ஐந்தாம் கேள்விக்கான விடை இந்தத் தாளில் இல்லை. அதை நீங்கள் இருவரும் சேர்ந்துதான் எழுத வேண்டும்.

பாரத்தைப் பகிர்வோம்! இடுப்பைக் காப்போம்!