நூறு சதுர சென்டிமீட்டர்

சுங்குவார்சத்திரத்தில் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். அம்மா விடியற்காலை கம்பெனி பஸ் ஏறிவிட்டால், அன்று பிள்ளைக்குக் காலை உணவு ஐந்து ரூபாய் பாக்கெட்தான்.

ஒருநாள் காலி உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் கீழ், 2020-இல் வந்த லேபிள் விதிமுறைகள் கேட்பவற்றைக் கரும்பலகையில் எழுதினேன்: எடை அதிகமானது முதலில் வரும் உட்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாலே போதும் என்பது விதி. எனவே சர்க்கரை, உப்பு, பால், கோதுமை, வேர்க்கடலை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களையும் பக்கத்தில் எழுதிப்போட்டேன்.

ஒரு மாணவி சாக்லேட் உறையை நீட்டினாள். “டீச்சர், இதுல உரிம எண்ணே இல்ல. போலியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்றேன். இரவு விதிமுறைகளைப் படித்தபோது விடை கிடைத்தது. பொட்டலத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாவிட்டால், உட்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து விவரம், உரிம எண் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அவை கடைக்கு வரும் மொத்தப் பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

மறுநாள் அளவுகோலோடு பரப்பளவுப் பாடம். அந்த உறை 6 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். இரு பக்கமும் சேர்த்து 84. விலக்கு உண்டு. பிஸ்கட் உறை ஒன்று 216. விலக்கு இல்லை.

“நாங்க வாங்கறதெல்லாம் சின்னதுதானே டீச்சர். அப்ப எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான் ஒருவன். கடையில் பெரிய டப்பாவைப் பார்த்து எழுதி வருவதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன்.

வேர்க்கடலை தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் உண்டு. அவன் தினமும் வாங்கும் மிட்டாயின் டப்பாவில் ‘பீநட்’ என்று இருந்ததாம். அன்றே அதை விட்டுவிட்டான்.

உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். அளவுகோலும் காலி உறைகளும் போதும். உறையில் விவரம் இல்லாததாலேயே கடைக்காரரைக் குற்றம் சொல்லாமல், “அண்ணா, பெரிய டப்பாவக் காட்டுங்க” என்று கேட்கப் பழக்குங்கள்.