கப்பல் பார்க்கப் போகுமுன் காற்றைக் கேளுங்கள்

பாம்பன் சின்னப்பாலத்துக் கரையில் பாசி எடுக்கப் போகும் அக்காமாரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். இறங்குமுன் ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். கலங்கலா, தெளிவா, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது? மூழ்கிய கப்பலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பழக வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான்.

விடுமுறைக்கு ராமேஸ்வரம் வரும் பிள்ளைகள், "இங்கே கப்பல் எதுவும் கிடக்குதா அண்ணே, இறங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். நான் சொல்லும் வழி இது: ஸ்கூபாவை இந்தக் கடலில் பழகுங்கள், கப்பலை இலங்கையின் கிழக்குக் கரையில் பாருங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பார்களும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. படகுக்காரர் யாராவது "நான் பார்த்துக்கிறேன்" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். அங்கே ஒரு துண்டுப் பவளத்தை உடைத்தாலும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பவளம் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

எப்போது

நம் ஊரில் வடபுறம் இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தென்புறம் இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெண்கடலும் கலங்கிக் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று வலுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆண்கடலில் அலை ஓங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும், பழகுவதற்கு அதுவே நல்ல காலம். நம் தென்கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் கிழக்கிலங்கையின் மட்டக்களப்புப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதனால் வசந்தத்தில் இங்கே பயிற்சி, மே மாதத்துக்குப் பிறகு அங்கே கப்பல் என்று வைத்துக்கொண்டால் காற்றே உங்களுக்குத் துணை நிற்கும்.

பயிற்சி

'ஓப்பன் வாட்டர்' என்னும் முதல் நிலைப் படிப்பு மூன்று, நான்கு நாள் பிடிக்கும். அதை முடித்தவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். 'அட்வான்ஸ்டு' முடித்தால் 30 மீட்டர். பொழுதுபோக்காக இறங்குகிறவர்களுக்கு எல்லை 40 மீட்டர். ஒரு நாள் 'அனுபவ டைவ்' அடித்துவிட்டுக் கப்பலுக்குக் கிளம்பக் கூடாது. பாக் விரிகுடாவில் பல இடங்களில் ஆழம் பத்து மீட்டருக்குள்தான் என்பதால், புதியவருக்கு அது பள்ளிக்கூடம் போல. எடையற்றவர் போல மிதக்கப் பழகுங்கள். அதாவது தரையையும் தொடாமல், மேலேயும் போகாமல், மூச்சை வைத்தே ஓர் உயரத்தில் அசையாமல் நிற்பது. கப்பலில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஒரு திறமைதான். மணல் தரைக்கு ஒரு முழம் மேலே நின்று, காலில் மாட்டிய ஃபின்னை அடித்துப் பாருங்கள். அடியில் மண் புகைந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

காதடைப்பு, சளி, ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் படிப்பிலேயே சேராதீர்கள்.

எந்தக் கப்பல்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் கிழக்கே பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் அன்றுதான் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். அது ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமான ஆழம் அது, உங்கள் பட்டியலில் வேண்டாம். அதே நாளில் தாக்கப்பட்ட 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் மட்டக்களப்புக்கு வடக்கே, சுமார் 24 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அட்வான்ஸ்டு முடித்தவருக்கு அதுவே ஏற்றது.

1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறிப் போய்விடலாம். இன்று சென்னையிலிருந்து விமானம், அல்லது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல். கப்பல் ஓடும் நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது

நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கை அடைத்துக் காதைச் சமன் செய்யுங்கள், வலித்தால் ஒரு மீட்டர் மேலேறுங்கள். ஐந்தாறு மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறம் மங்கிவிடும், எல்லாம் சாம்பல் நீலமாகத் தெரியும். டார்ச் அடித்தால் இரும்பின் மேல் படிந்த கடற்பஞ்சு செக்கச் சிவந்து எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மூச்சு விட மறந்தேன். நீங்கள் மறக்காதீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும்.

காற்றுக் கணக்கைப் படகிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு, 24 மீட்டரில் அழுத்தம் 3.4 மடங்கு என்பதால் 68 லிட்டர் போகும். 11 லிட்டர் சிலிண்டரில் 100 பார் அழுத்தக் காற்று என்பது 1,100 லிட்டர். அதாவது 16 நிமிடம்தான். 200 பாரில் இறங்குங்கள், அழுத்தமானியின் முள் 100-ஐத் தொட்டதும் கயிற்றை நோக்கித் திரும்புங்கள், 50 மீதியோடு படகை அடையுங்கள்.

கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றி வருவது போதும். உள்ளே நுழைய வேண்டாம், கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் சரி. என் தொடக்க நாட்களில் ஒரு கப்பலின் வாசலருகே ஃபின்னை ஒரே ஒரு முறை ஓங்கி அடித்தேன். எண்பது வருட வண்டல் எழும்பி, முகத்துக்கு முன் நீட்டிய என் கையே தெரியவில்லை. பயிற்றுநர் என் சிலிண்டர் வால்வைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வாசலுக்குள்ளே அது நடந்திருந்தால் எந்தப் பக்கம் வெளி என்று எனக்குத் தெரிந்திருக்காது.

கப்பல் கிடக்கும் இடத்தில் மீன் கூடும், மீன் கூடும் இடத்தில் வலை சிக்கும். அறுந்த நரம்பு வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. சிறு வெட்டுக்கத்தி ஒன்றைக் கை எட்டும் இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள். சிக்கினால் திமிறாதீர்கள், நின்று கூட்டாளியைக் கூப்பிடுங்கள். பெரிய கலவா மீன் ஒன்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு வழிவிட்டு, துருவேறிய இரும்பில் கை வைக்காமல் நில்லுங்கள்.

எடுத்து வராதீர்கள்

ஓர் ஆணியைக்கூட எடுக்க வேண்டாம். பூம்புகாருக்கு அப்பால், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஒரு கப்பலைக் கண்டார்கள். அதில் ஈயக் கட்டிகள் இருந்தன. மேலே 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும். அந்தக் கப்பலின் காலத்தையும், சரக்கு இங்கிலாந்திலிருந்து வந்ததையும் அந்த எழுத்துகள்தான் சொல்லின. முன்பே எவராவது ஆசைக்காக அந்தக் கட்டிகளை வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தால் அந்தக் கப்பலின் வயதே நமக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் படம் எடுங்கள், வேண்டியமட்டும் எடுங்கள்.

மேலேறும்போது

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்து 3 நிமிடம் நில்லுங்கள். பல முறை இறங்கியவர் கடைசி டைவுக்குப் பின் 18 மணி நேரம் விமானமேறக் கூடாது, அதனால் ஊர் திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்குத் தள்ளிப் போடுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் ஏதும் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். அழுத்த அறைச் சிகிச்சை கிடைக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதைப் பணம் கட்டும்போதே விசாரித்து எழுதி வைத்திருங்கள்.

அன்று மாலை கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டுவிட்டு, பதிவேட்டைத் திறந்து ஆழம், நேரம், மீதிக் காற்று எழுதுங்கள். நீவாடு எந்தப் பக்கம் ஓடியது, காற்று எங்கிருந்து அடித்தது என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.