மூத்தம்மாவின் புகையிலை வாளி

எங்கள் வீட்டு மிளகாய்ச் செடியில் அழுக்கணவன் பிடித்தால் மூத்தம்மா கடையில் மருந்து வாங்க விடமாட்டார். வெற்றிலையோடு போடும் புகையிலையை நறுக்கி, இரவில் வாளித் தண்ணீரில் ஊறப் போடுவார். காலையில் கையால் கசக்கி வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் கரைத்துத் தெளிப்பார். "இது இலைதானே மகள், ஒன்றும் செய்யாது" என்பார். சென்ற வருடம் அவருக்குக் கைவலி. உம்மா பிழிந்தார். சிறிது நேரத்தில் உம்மாவுக்குத் தலைச்சுற்று, ஓங்காளம், உடம்பெல்லாம் வியர்வை. வாப்பா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். அன்று மாலைதான் உம்மா தெளிந்தார்.

உயர்தரத்தில் இரசாயனவியலும் உயிரியலும் படிக்கும் எனக்கு, அந்த வாளிக்குள் என்ன நடந்தது என்று அறிய வேண்டியிருந்தது.

புகையிலையில் உள்ள நஞ்சு நிக்கொட்டின். 10 காபன், 14 ஐதரசன், 2 நைதரசன் அணுக்கள் கொண்ட ஓர் அல்கலொயிட். 1828 இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். நிக்கொட்டின் இலையில் உருவாவதில்லை. வேரில் உருவாகி, காழ் வழியாக மேலேறி இலையில் சேர்கிறது. புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டி வளர்த்தபோது தக்காளி இலையிலும் நிக்கொட்டின் இருந்ததை 1940களில் கண்டார்கள். இந்தப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

இலையில் அது சேதன அமிலங்களுடன் உப்பாக இருக்கிறது. உப்பு நீரில் கரையும். அதனால்தான் வெறுமனே ஊறவைத்தாலே இறங்கிவிடுகிறது. சவர்க்காரம் கரைசலைக் காரத்தன்மையாக்கும்போது நிக்கொட்டினில் ஒரு பங்கு உப்பிலிருந்து விடுபட்டுச் சுயாதீன மூலமாகிறது. இந்த வடிவம் கொழுப்பில் கரையும்; பூச்சியின் மெழுகுத் தோலை எளிதாகக் கடக்கும். மூத்தம்மா சவர்க்காரம் போட்டது இலையில் ஒட்டுவதற்காக. ஆனால் மருந்தின் வீரியத்தையும் அவர் கூட்டிக்கொண்டிருந்தார்!

பூச்சியின் நரம்பில் அசற்றைல்கோலின் அமர வேண்டிய வாங்கியில் நிக்கொட்டின் அமர்ந்துகொள்கிறது. அசற்றைல்கோலினை நொதியம் உடனே உடைத்துவிடும். நிக்கொட்டினை அந்த நொதியத்தால் உடைக்க முடியாது. நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டு, பூச்சி நடுங்கிச் சாகிறது. அதே வாங்கி நமக்கும் உண்டு. நமது தோலும் அதைத் தடுப்பதில்லை. மழையில் நனைந்த புகையிலையைப் பறிக்கும் தொழிலாளருக்கும் உம்மாவுக்கு வந்ததே வருகிறது; அதற்குப் 'பச்சைப் புகையிலை நோய்' என்று பெயர். மூத்தம்மாவுக்கு ஏன் இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை? தினமும் புகையிலை போடும் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. உம்மா புகையிலையைத் தொட்டதே இல்லை.

கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் 40 வீத நிக்கொட்டின் சல்பேற்றைப் போத்தலில் அடைத்து விற்றார்கள். பலர் நஞ்சூட்டப்பட்டனர். 2014 முதல் அங்கு நிக்கொட்டின் பூச்சிநாசினிக்கு அனுமதி இல்லை. இலையிலிருந்து வந்தது என்றாலும், அந்த நாட்டின் சேதன விவசாய விதிகளும் அதைத் தடை செய்கின்றன. அதைப் போலச் செயற்படும் இமிடாகுளோபிரிட் போன்றவை பின்னர் வந்தன. அவை தேனீக்களைப் பாதிப்பதால், அவற்றில் மூன்றைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் தடை விதித்தது.

இன்னொன்று. புகையிலைச் சித்திர வடிவ வைரசு காய்ந்த இலையிலும் உயிர்ப்போடு இருக்கும். மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பமே. அழுக்கணவனைக் கொல்லப் போய்ச் செடிக்கு நோயைக் கொடுக்கவும் கூடும்.

இப்போது நான் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக அடிக்கிறேன். பெரும்பாலான அழுக்கணவன் விழுந்துவிடும். இரண்டு மூன்று நாளில் மறுபடி அடிக்க வேண்டும். இதையெல்லாம் விளங்கப்படுத்தியபோது மூத்தம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நான் வாயில் போடுறது?"