கழனியில் விளையும் எரிபொருள்: மாநாட்டு மேடையும் உழவர் கணக்கும்

வேளாண் தொழில் மாநாடுகளில் அண்மைக் காலமாக ஓங்கி ஒலிப்பது ‘உயிர் எரிபொருள்’ என்னும் சொல்லாகும். நிலத்து விளைபொருளிலிருந்தோ அதன் கழிவிலிருந்தோ பெறும் எரிபொருள் என்பது இதன் பொருள். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வாரத்தில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று, தில்லி ஜி-20 மாநாட்டின்போது, உலக உயிர் எரிபொருள் கூட்டணி தொடங்கப்பெற்றது. இவற்றின் நன்மைகள் மேடையில் விரிவாகவே பேசப்பெறுகின்றன. இதற்குச் செலவாகும் நீர் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்னும் கணக்கையும் கடையநல்லூரைப் போன்ற குளத்துப் பாசன ஊரார் கேட்டறிதல் வேண்டும். அக்கணக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணம் புதியதன்று. இலுப்பை எண்ணெயாலும் புன்னை எண்ணெயாலும் விளக்கெரித்தவர் நம் முன்னோர். 1900ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிக்காட்டியது. பிரேசில் நாடு 1975 முதல் கரும்பு எத்தனாலைப் பெருந்திட்டமாக வளர்த்தது.

நம் நாட்டுக் கரும்பின் வரலாற்றில் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அங்குப் பணியாற்றிய தி. சு. வெங்கட்ராமன் முதலியோர் உயர்வகைக் கரும்பைப் பேய்க்கரும்போடு இணைத்து உருவாக்கிய கோ 205 என்னும் இனம் 1918இல் வெளிவந்து வடநாட்டுக் கரும்பு வேளாண்மையையே மாற்றியது. காட்டில் கேட்பாரற்று வளர்ந்த புல் வயற்கரும்புக்கு வலிமை தந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒரு டன் கரும்பை ஆட்டினால் ஏறத்தாழ நூறு கிலோ சர்க்கரையும் முந்நூறு கிலோ சக்கையும் நாற்பது கிலோவுக்குச் சற்று மிகுதியான கழிவுப்பாகும் கிடைக்கும். சக்கை கொதிகலனை எரிக்கும். மொலாசஸ் எனப்படும் அக்கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் சுமார் பத்து லிட்டர் எத்தனால் கிட்டும். இதுவரை குறை கூற ஒன்றுமில்லை, கழிவு காசாகிறது.

இடர்ப்பாடு இலக்கு பெருகியபோது எழுந்தது. 2014இல் ஒன்றரை விழுக்காடளவே இருந்த கலப்பு 2022 ஜூனில் பத்தையும் 2025இல் இருபதையும் எட்டிற்று. கழிவுப்பாகு மட்டும் இதற்குப் போதாது. எனவே கரும்புச்சாறும் அரிசியும் மக்காச்சோளமும் வடிகலனுக்குச் சென்றன. மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி குறையுமென்று அஞ்சிய அரசு, 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதற்குத் தடைவிதித்துச் சில நாளில் அளவோடு தளர்த்தியது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு 2024இல் அதனை இறக்குமதி செய்யலாயிற்று. தீவன விலையின் சுமை கோழிப்பண்ணையாளர் தலையில் விழுந்தது. அரிசியின் கணக்கோ இன்னும் கடியது. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 3000 லிட்டர் நீர் தேவை. ஒரு டன் அரிசி தருவதோ சுமார் 450 லிட்டர் எத்தனால். ஆக, ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஆறாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் செலவாகிறது. கருப்பாநதி நீரையும் குளத்து நீரையும் நம்பிக் காரும் பிசானமும் பயிரிடுவோர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரு பங்கே.

‘அப்படியானால் தரிசு நிலத்தில் வளர்ப்போம்’ என்பர் சிலர். அதனையும் பார்த்துவிட்டோம். 2003இல் திட்டக்குழுவின் குழு காட்டாமணக்கைப் பரிந்துரைத்தது. ஆடு தின்னாத வேலிச்செடி, நீர் வேண்டா, தரிசிலும் காய்க்கும் என்று பெரிதும் விளம்பரம் செய்தனர். செடி வறட்சியைத் தாங்கியது உண்மையே. ஆனால் நீரின்றி விளைச்சல் சொல்லும்படி இல்லை. தமிழகத்திலும் நட்ட உழவர் பலர் பிடுங்கி எறிந்தனர். உயிர் தாங்குவது வேறு, காய்த்துத் தருவது வேறு என்னும் சிறு வேறுபாட்டை மேடைகள் கவனிக்கவில்லை. 2017க்குள் இருபது விழுக்காடு என்று 2009ஆம் ஆண்டுக் கொள்கை வகுத்த இலக்கும் நிறைவேறவில்லை.

வயலோடு போட்டியிடாத எரிபொருள் ஒன்று உண்டு. அது சாண எரிவாயு. மூன்று நான்கு மாடுகளின் சாணம், நாளொன்றுக்கு 50 கிலோ அளவில் கிடைத்தால், இரண்டு கன மீட்டர்க் கலம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கும். காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரித்து மீத்தேனைத் தருகின்றன; எஞ்சும் குழம்பு வயலுக்கு எருவாகிறது. ‘தீனபந்து’ என்னும் செலவு குறைந்த செங்கல் கலம் 1984இல் வந்தது. வாயுவைத் தூய்மையாக்கி அழுத்தி ஊர்திகளுக்கு வழங்கும் ‘சதாத்’ திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கிற்று. ஆயினும் பெருமாநாடுகளில் எத்தனாலுக்குக் கிடைக்கும் மேடை சாணத்திற்குக் கிடைப்பதில்லை. சாணத்திற்கு விளம்பரம் செய்ய யார் முன்வருவர்?

வீட்டுத் தொழுவங்கள் அருகிவரும் நகரங்களில் சாணம் மட்டும் போதாது என்பதும் மெய்யே. அங்குக் காய்கறிச் சந்தைக் கழிவும், திருமண மண்டபத்து மிச்சச் சோறும், இறைச்சிக் கூடத்து இரைப்பைக் கழிவும் துணையாகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் ஆடுமாடுகளின் இரைப்பையிலேயே வாழ்வதால், புதுக்கலத்தைத் தொடங்க அக்கழிவு உறை மோர்போல் உதவும். இவை ஒரு நாளில் எத்தனை கிலோ சேர்கின்றன என்று தராசோடு சென்று ஒரு மாதம் நிறுத்துக் குறிப்பது நம் மாணவர்க்கு அரிய செயலன்று. அக்குறிப்பு கையிலிருந்தால் நகராட்சியிடம் கலம் கேட்க நம் பெரியோர் தயங்கமாட்டார்கள்.